காரணத்தோடு தப்பு சொல்லும் வயது

இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டு ஆசிரியர் வேலைக்கு வரப்போகும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆறு முதல் எட்டு வரை எடுக்கலாம், அல்லது பதினொன்று, பன்னிரண்டு எடுக்கலாம். தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு என்னிடம் இருக்கிறது. நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல் எடுப்பதில் நிஜமாகவே சந்தோஷம் உண்டா, இல்லை பெரிய வகுப்பு கிடைக்காதவர்கள் சொல்லிக்கொள்ளும் சமாதானமா? படித்த இயற்பியல் மறந்துபோகாதா?"

நான் இரண்டு பக்கமும் பாடம் எடுத்திருக்கிறேன். சந்தோஷம் உண்டு, நிறையவே உண்டு. ஆனால் பொதுவாக எல்லோரும் காட்டும் இடத்தில் அது இல்லை. அறிவியல் கண்காட்சிப் படங்களில் வருமே, சோடா மாவும் வினிகரும் சேர்ந்து நுரை பொங்கும் எரிமலை, சுற்றி நின்று வாய் பிளக்கும் பிள்ளைகள். அந்த ஆரவாரம் ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். மேஜிக் காட்டுகிறவருக்கும் அதே கைதட்டல் கிடைக்கும்.

எனக்குப் பிடித்தது வேறு. பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் தப்பான விடையைக் காரணத்தோடு சொல்வார்கள். அதைவிடச் சின்னப் பிள்ளைகள் மனதில் தோன்றியதைச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்கு ஓடிவிடுவார்கள். பெரிய வகுப்புக்குப் போனவர்கள் உஷாராகிவிடுவார்கள். தாங்கள் நினைப்பதை மறைத்து, மதிப்பெண் கிடைக்கும் விடையை மட்டும் சொல்வார்கள். நடுவில் இருக்கும் இந்த மூன்று ஆண்டுகளில்தான் ஒரு பிள்ளைக்குத் தனக்கென்று ஒரு கொள்கை இருக்கும், அதை வெளியே சொல்லும் துணிச்சல் இருக்கும், அதைச் சோதித்துப் பார்க்கும் அளவுக்கு யோசனையும் வந்திருக்கும். இந்த மூன்றும் ஒன்றாக இருக்கும் வகுப்பறையில் நிற்பதுதான் இந்த வேலையின் ருசி.

மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மரக்கட்டையை மேசைமேல் வைத்து, "இது ஒரு சின்ன விதையில் ஆரம்பித்தது. இவ்வளவு எடை எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். ஒளிச்சேர்க்கைப் பாடம் முடிந்து தேர்வும் எழுதிய வகுப்பில் கேட்டால் இன்னும் சுவாரஸ்யம். சமன்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் பிள்ளைகளே "மண்ணிலிருந்து" என்பார்கள். வேர் எதற்கு இருக்கிறது, உறிஞ்சத்தானே? உரம் எதற்குப் போடுகிறோம்? நல்ல காரணங்கள்தான். சிலர் தண்ணீர் என்பார்கள். சூரிய ஒளி என்று ஓரிருவர் சொல்வார்கள். காற்று என்று யாராவது முனகினால் மற்றவர்கள் சிரிப்பார்கள்.

இங்கே அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடக் கூடாது. கொஞ்சம் விட்டால் பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்: "மண்ணுலேர்ந்து வந்திருந்தா மரத்தைச் சுத்திப் பள்ளம் விழுந்திருக்கணுமே?" ஒவ்வொரு வகுப்பிலும் இதைக் கேட்க ஒரு பிள்ளை இருக்கும். உடனே வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும்.

அப்போது வான் ஹெல்மான்ட் கதையைச் சொல்லலாம். பதினேழாம் நூற்றாண்டு மருத்துவர். 200 பவுண்டு உலர்ந்த மண்ணைத் தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்று ஒன்றை நட்டார். 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டுமே ஊற்றினார். கடைசியில் மரம் 169 பவுண்டு இருந்தது. மண்ணைக் காயவைத்து நிறுத்துப் பார்த்தால் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ், அதாவது 60 கிராம்கூட இல்லை. அவர் இறந்த பிறகு 1648இல் இது அச்சில் வந்தது. மண் கட்சி அத்துடன் தோற்றது. தண்ணீர் கட்சி துள்ளிக் குதிக்கும், ஏனென்றால் ஹெல்மான்ட்டும் மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்றுதான் முடிவு செய்தார். அவரும் தப்பு என்று சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். 5 ஆண்டுகள் பொறுமையாகச் சோதனை செய்து, அளந்து, கடைசியில் தப்பான முடிவுக்கு வர ஒரு பெரிய மனிதருக்கும் முடியும்! இன்னொரு வேடிக்கையும் உண்டு. எரியும் கரியிலிருந்து வரும் வாயு சாதாரணக் காற்று இல்லை, தனிப் பொருள் என்று கண்டவரும் அவரேதான். கார்பன் டை ஆக்சைடைக் கையில் வைத்துக்கொண்டே மரத்தில் அதைக் கோட்டைவிட்டார்.

உலர்ந்த கட்டையின் எடையில் ஏறக்குறையப் பாதி கார்பன். அந்தக் கார்பன் காற்றிலிருந்து வந்தது. மீதியில் பெரும்பங்கு ஆக்சிஜன், அதுவும் கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து உள்ளே வந்ததுதான். இதைக் கரும்பலகையில் எழுதியதும் அடுத்த எதிர்ப்பு தயாராக இருக்கும்: "காத்துல கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம்தானே, புத்தகத்துலயே போட்டிருக்கு. அது எப்படிப் பத்தும்?" இன்னொரு பிள்ளை: "காத்துக்கு எடையே கிடையாதே, அப்புறம் கட்டைக்கு எப்படி எடை வரும்?" இரண்டாவது கேள்வியில்தான் உண்மையான முடிச்சு இருக்கிறது. ஒளிச்சேர்க்கை அவர்களுக்குப் புரியாததற்குக் காரணம் உயிரியல் பாடம் இல்லை. காற்று ஒரு பொருள் என்பதை அவர்கள் மனது இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. தப்பான விடையைக் காரணத்தோடு சொல்ல விட்டதால்தான் இது நமக்குத் தெரியவந்தது. தேர்வுத்தாளில் இது ஒருபோதும் தெரியாது.

சரி, அடுத்தது ஊசல். முதுகலை படித்தவருக்கு ஊசல் சலிப்பாக இருக்கும், தெரியும். ஆனால் ஏழாம் வகுப்பில் சூத்திரம் எதுவும் சொல்லாமல் நூலையும் கனமான எதையாவது ஒன்றையும் கொடுத்துப் பாருங்கள். முதலில் ஒரு வாக்கெடுப்பு: குண்டு கனமானால் ஊசல் வேகமாக ஆடுமா, மெதுவாக ஆடுமா? கனமானது வேகமாக ஆடும் என்று பாதி வகுப்பு கை தூக்கும். மெதுவாக ஆடும் என்று இன்னொரு கூட்டம். ஒரே மாதிரி என்று சொல்பவர்கள் எப்போதும் சிறுபான்மை. யாருக்கும் எதுவும் சொல்லாமல் குழுக்களாக அளக்க விடுங்கள், பத்து அலைவுக்கு எவ்வளவு நேரம் என்று.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சிக்கல் உண்டு. ஏதோ ஒரு குழு நிச்சயம் "எடை கூடினா நேரம் கூடுது" என்று வரும். மற்ற குழுக்கள் "இல்லவே இல்லை, ஒரே நேரம்தான்" என்பார்கள். வாக்குவாதம் முற்றும். பிறகு யாராவது அந்தக் குழுவின் மேசைக்குப் போய்ப் பார்ப்பார்கள். அவர்கள் எடையைக் கூட்ட, வாஷர்களை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டிருப்பார்கள். எடை கூடும்போது ஊசலின் நீளமும் கூடவே கூடியிருக்கிறது! "நீங்க ரெண்டு விஷயத்தை மாத்திட்டீங்க" என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை இன்னொரு பிள்ளையிடம் சொல்வதைக் கேட்பது இருக்கிறதே, அது பாடத்திட்டத்தில் 'மாறிகளைக் கட்டுப்படுத்துதல்' என்று ஒரு வரியாக இருக்கும் விஷயம். அந்த வரியை நான் எழுதிப்போட்டால் நோட்டில் ஏறும், அவ்வளவுதான். சக மாணவியின் சோதனையில் ஓட்டையைக் கண்டுபிடித்த பிள்ளை அதை மறப்பதில்லை.

பிறகு நீளம். 25 சென்டிமீட்டர் நூலில் பத்து அலைவுக்கு ஏறத்தாழ 10 விநாடி வரும். "ரெண்டு மடங்கு நீளமாக்கினா?" என்று கேட்டால் எல்லோரும் 20 என்பார்கள். 50 சென்டிமீட்டரில் 14 விநாடி வரும். தப்பாக எண்ணிவிட்டோம் என்று மறுபடி எண்ணுவார்கள். மறுபடியும் 14. முழு ஒரு மீட்டருக்குப் போனால்தான் 20 வருகிறது. நேரம் இரு மடங்காக, நீளம் நான்கு மடங்காக வேண்டும். வர்க்கமூலம் என்ற சொல்லே வராமல் வர்க்கமூலத்தின் நடத்தையை அவர்கள் விரல்கள் அளந்துவிட்டன. இன்னும் துடுக்கான பிள்ளைகள் ஊசலை எவ்வளவு தூரம் இழுத்துவிட்டாலும் நேரம் மாறாது என்ற விதியையும் நம்பமாட்டார்கள். நன்றாக விலக்கி, 60 டிகிரி அளவுக்கு இழுத்துவிட்டால் அலைவு நேரம் சுமார் 7 சதவீதம் கூடும். ஆட்டம் சீக்கிரம் தளர்ந்துவிடும் என்பதால் முதல் சில அலைவுகளை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். கலிலியோ அலைவு நேரம் எந்தக் கோணத்திலும் ஒன்றுதான் என்று நம்பியவர். அவரை ஒரு ஏழாம் வகுப்புக் குழு ஸ்டாப்வாட்ச் வைத்துத் திருத்தலாம்.

புத்தகத்தைத் திருத்தும் வாய்ப்பும் வரும். தட்டில் தண்ணீர், நடுவில் மெழுகுவர்த்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணைந்து தண்ணீர் உள்ளே ஏறும். "ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது, அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்தது, ஐந்தில் ஒரு பங்கு ஏறியது, ஆகவே காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன்" என்று பல புத்தகங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகின்றன. விடை சரியாக வருவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: தண்ணீர் எப்போது ஏறுகிறது என்று கண்ணை எடுக்காமல் பாருங்கள். சுடர் எரியும்போது மெதுவாக ஏறியிருக்க வேண்டும், இல்லையா? ஆனால் பெரும்பகுதி ஏறுவது சுடர் அணைந்த பிறகு, சட்டென்று. ஆரம்பத்தில் டம்ளரின் விளிம்பிலிருந்து குமிழிகள் வெளியேறுவதையும் யாராவது பிடித்துவிடுவார்கள். அடுத்து ஒரு வர்த்திக்குப் பதில் மூன்று வைத்துப் பாருங்கள். தண்ணீர் இன்னும் மேலே ஏறும். மூன்று வர்த்தி வைத்தால் காற்றில் ஆக்சிஜன் கூடிவிடுமா என்ன?

நடப்பது முக்கியமாகச் சூட்டின் வேலை. சுடர் காற்றைச் சூடாக்கி விரிவாக்குகிறது, கொஞ்சம் வெளியேறுகிறது. அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, நீராவியும் தண்ணீராகிவிடுகிறது, வெளியே உள்ள காற்றழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் முழுதாகத் தீர்வதும் இல்லை. சுமார் 16 சதவீதத்துக்கு இறங்கியதுமே மெழுகுவர்த்தி அணைந்துவிடும். எரிந்த ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடும் வந்து இடத்தை நிரப்பிவிடுகிறது. அப்படியானால் 21 சதவீதத்தை எப்படித்தான் காட்டுவது? பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை வினிகரில் நனைத்து உதறி, சோதனைக் குழாயின் அடியில் திணித்து, குழாயைத் தண்ணீரில் கவிழ்த்து வைத்துவிடுங்கள். இரும்பு துருப்பிடித்து ஆக்சிஜனை விழுங்கும், சூடு கிடையாது, வாயு எதுவும் திரும்ப வராது. ஓரிரு நாளில் தண்ணீர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உயரத்தில் வந்து நிற்கும். தினமும் காலையில் பை வைக்கும் முன் ஓடிவந்து அளவுகோலை வைத்துப் பார்க்கும் பிள்ளைகளை அந்த வாரம் பார்க்கலாம். அச்சில் இருப்பதும் தப்பாக இருக்கலாம், அதை நாம் கண்ணால் கண்டுபிடிக்கலாம் என்பது அவர்களுக்கு மிகப் பெரிய சமாச்சாரம். மெழுகுவர்த்தியைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். மைக்கேல் ஃபாரடே 1860 குளிர்காலத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பிள்ளைகளுக்கு நடத்திய விரிவுரைகளுக்கு எடுத்துக்கொண்ட பொருளே ஒரு மெழுகுவர்த்திதான். சின்ன வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் இடத்தில் வேலை கற்றுக்கொண்டிருந்து, பிறகு விஞ்ஞானியானவர் அவர். இதையும் வகுப்பில் சொல்லலாம்.

இதெல்லாம் நடக்க வேண்டுமானால் ஆசிரியர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். கேட்க எளிது, செய்வது பெரும்பாடு. மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து ஒன்றைச் சொன்னார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி மட்டுமே காத்திருக்கிறார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டினாலே பிள்ளைகளின் விடைகள் நீளமாகின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேச ஆரம்பிக்கிறார்கள். மூன்று விநாடி என்பது வகுப்பில் நிற்கும்போது ஒரு யுகம். மனதுக்குள் எண்ணிப் பழகினால்தான் வரும். பெரிய வகுப்புகளில் அந்த மௌனத்தில் எல்லோரும் குனிந்து நோட்டைப் பார்ப்பார்கள். ஆறாம் வகுப்பில் அந்த மௌனத்தை அவர்களாலேயே தாங்க முடியாது, யாராவது ஒருவர் எதையாவது போட்டு உடைத்துவிடுவார்.

வானவியல் பாடம் வரும்போது இன்னொரு விருந்து. கூடைப்பந்து ஒன்று, டென்னிஸ் பந்து ஒன்று. முதலாவது பூமி, இரண்டாவது நிலவு, அளவில் கிட்டத்தட்டச் சரியான விகிதம். "நிலவை எவ்வளவு தூரத்தில் வைக்கணும்?" என்று கேட்டால் பிள்ளைகள் ஒரு முழம், இரண்டு முழம் என்று நிற்பார்கள். புத்தகப் படம் அப்படித்தானே இருக்கிறது. உண்மையில் பூமியின் விட்டத்தைப்போல 30 மடங்கு, அதாவது 7 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். டென்னிஸ் பந்தைப் பிடித்த பிள்ளை பின்னால் நடந்து, சுவரில் முட்டி, கதவைத் திறந்து வராந்தாவுக்கே போய்விடும். "சர்வதேச விண்வெளி நிலையம்?" என்று அடுத்துக் கேளுங்கள். நிலவுக்குப் போகும் பாதையில் பாதி தூரத்தைக் காட்டுவார்கள். அது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. இந்தக் கூடைப்பந்தில் தோலிலிருந்து முக்கால் சென்டிமீட்டர். அதற்கப்புறம் பதினைந்து நிமிடம் பாடம் நடத்த முடியாது, நடத்தவும் தேவையில்லை.

பருவகாலங்களும் அப்படியே. கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் போகிறது என்று நினைப்பது பிள்ளைகள் மட்டுமல்ல. 1987இல் ஹார்வர்டு பட்டமளிப்பு நாளில் மாணவர்கள், பழைய மாணவர்கள், பேராசிரியர்கள் என்று 23 பேரைக் கேமரா முன் கேட்டார்கள். 21 பேரால் பருவகாலங்களின் காரணத்தையோ நிலவின் பிறைகளின் காரணத்தையோ சரியாகச் சொல்ல முடியவில்லை. நடுநிலைப் பள்ளியில் யாரும் நோண்டாமல் விட்ட தப்பு, கறுப்பு அங்கியையும் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலை தொடக்கத்தில் சுமார் 15.2 கோடி. இந்த இரண்டு எண்களை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டால், "அப்ப ஆஸ்திரேலியாவுக்கு மட்டும்தான் சரியா வருது" என்று ஒரு பிள்ளை சொல்லும். "அருகில் போனா ரெண்டு பாதிக்கும் ஒண்ணாத்தானே சூடாகணும்?" என்று இன்னொன்று முடிக்கும். பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பதைச் சொல்ல இதைவிட நல்ல சமயம் கிடையாது.

பிறைகளுக்கு ஒரு இருட்டறையும் ஒரு குண்டு பல்பும் பென்சிலில் குத்திய ஒரு பந்தும் போதும். பந்தைக் கொஞ்சம் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துத் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றினால் எல்லாப் பிறையும் கண்ணில் படும். பந்தைத் தாழ்த்திய பிள்ளைகளுக்குக் கிரகணம் வந்துவிடும், அவர்களே கத்துவார்கள். அப்படியானால் மாதாமாதம் ஏன் கிரகணம் வருவதில்லை? நிலவின் பாதை ஏறக்குறைய 5 டிகிரி சாய்ந்திருப்பதை அந்தக் கை உயரத்திலேயே காட்டிவிடலாம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, படித்த இயற்பியல் மறந்துபோகுமா என்பது. கணக்குகள் கொஞ்சம் மறக்கும். தொகையீடு போட்டு நாளானால் கை தடுமாறும், அதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் புரிந்துகொண்டதாக நினைத்தது எது, மனப்பாடம் செய்தது எது என்று அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்பு மாணவரிடம் சமன்பாட்டின் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். இங்கே அந்த வசதி இல்லை.

"கண்ணாடியில இடது வலது மாறுது, மேல கீழ ஏன் மாறல?" என்று கேட்பார்கள். ஒளியின் பிரதிபலிப்பு விதிகளைச் சொன்னால் பிள்ளை உங்களைப் பரிதாபமாகப் பார்க்கும். கண்ணாடி இடது வலதை மாற்றவே இல்லை, முன் பின்னைத்தான் மாற்றுகிறது. கிழக்குப் பக்கக் கையைத் தூக்கினால் பிம்பத்திலும் கிழக்குப் பக்கக் கைதான் தூக்குகிறது. நாம் மனதுக்குள் அந்த ஆளைத் திருப்பி நிறுத்திப் பார்ப்பதால்தான் இடம் வலம் குழம்புகிறது. இதை ஒரு வாக்கியத்தில், கைகளைக் காட்டி விளக்கும் அளவுக்குத் தெளிவு வர எனக்கு முதுகலைப் படிப்பு போதவில்லை, ஏழாம் வகுப்பு தேவைப்பட்டது.

இன்னொன்று: "சின்ன அலைநீளம்தான் அதிகமா சிதறும்னா வானம் ஊதாவாத்தானே இருக்கணும்?" நியாயமான கேள்வி. சூரிய ஒளியில் நீலத்தைவிட ஊதா குறைவு, அதிலும் ஒரு பகுதியை மேல் வளிமண்டலம் உறிஞ்சிவிடுகிறது, நம் கண்ணுக்கும் ஊதாமீது கூர்மை குறைவு. மூன்றும் சேர்ந்து நீலத்தை ஜெயிக்க வைக்கின்றன. விடை தெரியாத கேள்விகளும் வரும். தெரியாது என்றே சொல்லுங்கள், ஆனால் மறுநாள் தேடிக்கொண்டு போங்கள். நீங்கள் மறந்தால் அவர்கள் மறக்க மாட்டார்கள்.

கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும். சத்தம். பக்கத்து வகுப்பு ஆசிரியரின் முறைப்பு. தண்ணீர் கொட்டிய தரை, காணாமல் போன ஸ்டாப்வாட்ச். ஒரு மரக்கட்டைக்கு ஒரு முழு பாடவேளை போனால் பாடத்திட்டம் பின்தங்கும், அதற்கு வழி ஒன்றுதான்: எல்லாப் பாடத்தையும் இப்படி எடுக்க முடியாது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, எந்தப் பாடங்களில் பிள்ளைகளுக்கு வலுவான தப்புக் கொள்கை இருக்கிறதோ அவற்றுக்கு நேரத்தை ஒதுக்குவது. காற்று, ஒளி, மின்சுற்று, விசை, வானம், தாவரம். உலோகம், அலோகம் பட்டியலை வேகமாகக் கடந்துவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. இனப்பெருக்கப் பாடத்தில் சிரிப்பை அடக்க முயலாதீர்கள், பெயர் போடாத சீட்டில் கேள்வி எழுதிப் பெட்டியில் போடச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும்.

எட்டாம் வகுப்பில் இன்னொரு மாற்றம் வரும். ஆர்வம் காட்டுவது கௌரவக் குறைச்சலாகத் தோன்ற ஆரம்பிக்கும். போன வருஷம் முந்தி முந்திப் பேசிய பிள்ளை இந்த வருஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும். பெண்பிள்ளைகளிடம் இதை நான் அதிகமாகக் கவனித்திருக்கிறேன். விஞ்ஞானி ஒருவரை வரையச் சொன்னால் யாரை வரைகிறார்கள் என்று டேவிட் சேம்பர்ஸ் 1983இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 4,807 பேரின் படங்களில் பெண் விஞ்ஞானி இருந்தது வெறும் 28இல். அந்த 28ஐயும் வரைந்தவர்கள் பெண்பிள்ளைகள். பின்னர் நடந்த ஆய்வுகளில் நிலைமை முன்னேறியிருக்கிறது, ஆனால் வயது கூடக்கூட ஆண் விஞ்ஞானி படங்கள் அதிகமாவது இன்னும் தொடர்கிறது. ஆக, பிள்ளைகள் தயங்க ஆரம்பிக்கும் இந்த வயதில் வகுப்பில் இருப்பவர் யார் என்பது முக்கியம். சோதனைக் குழுக்களில் கருவியைத் தொடுவது யார், குறிப்பெடுப்பது யார் என்று ஒரு கண் வைத்து, முறை மாற்றிக்கொண்டே இருங்கள். விட்டுவிட்டால் பையன்கள் அளப்பார்கள், பெண்கள் எழுதுவார்கள்.

பெரிய வகுப்பில் வேறு மகிழ்ச்சிகள் உண்டு. ஒரு மாணவர் தானாக ஒரு சமன்பாட்டை வருவித்துக் காட்டும்போது வரும் நிறைவு தனி. ஆனால் தேர்வு நெருங்க நெருங்க அங்கே எல்லா உரையாடலும் "இது கேள்வித்தாள்ல வருமா?" என்பதில் முடியும். அதைத் தாங்கும் பொறுமை இருந்தால் அங்கே போங்கள். என்னைக் கேட்டால், முதல் இரண்டு ஆண்டுகள் ஏழாம் வகுப்பைக் கேட்டு வாங்குங்கள். ஆறில் அவர்கள் புதுப் பள்ளிச் சூழலுக்குப் பழகிக்கொண்டிருப்பார்கள், எட்டில் மேலே சொன்ன கைகட்டல். ஏழு நடுவில் நன்றாக இருக்கிறது.

முதல் வாரம் என்ன செய்வது என்று யோசித்தால், காற்றின் எடையிலிருந்து தொடங்குங்கள். மரக்கட்டைப் பாடத்துக்கும் அது பின்னால் உதவும். "இந்த வகுப்பறையில இருக்கிற காத்து எல்லாத்தையும் ஒரு பையில கட்டினா எவ்வளவு எடை இருக்கும்?" என்று கேட்டு, ஒவ்வொருவரும் தன் ஊகத்தைச் சீட்டில் பெயரோடு எழுதட்டும். பூஜ்யம், 10 கிராம், 2 கிலோ என்றெல்லாம் வரும். பிறகு அளவு டேப்பைக் கொடுத்து அறையின் நீளம், அகலம், உயரத்தை அவர்களே அளக்கட்டும். உயரத்தை எப்படி அளப்பது என்பதே ஒரு தனிச் சண்டை, தலையிடாதீர்கள். ஒரு கனமீட்டர் காற்று சுமார் 1.2 கிலோ என்ற ஒரே ஒரு தகவலை மட்டும் நீங்கள் கொடுங்கள். 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறையானால் 180 கனமீட்டர், 216 கிலோ. நம்பமாட்டார்கள், பெருக்கலை மறுபடி போடுவார்கள். அதன்பிறகு, "இவ்வளவு எடை இருந்தா அது ஏன் நம்மளை நசுக்கல?" என்று கேட்கும் பிள்ளையின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வகுப்பை அந்தக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கலாம்.